விண்டோஸ் இல்லாத கணினியில் தமிழ்ப் புத்தகம்: நம்ம ஊரையும் தொட்டுச் செல்லும் ஒரு வரலாறு

 

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. நம்ம பக்கத்தில் பிள்ளைகளின் கையில் இருக்கும் பழைய லெப்டொப்களில் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. புதிதாக ஒன்று வாங்கவும் முடியாது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை போன பிறகு கணினி விலை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அதனால் பதுளை, ஹாலி-எல, பசறைப் பக்கங்களில் கணினி தெரிந்த இளைஞர்கள் பழைய மெஷின்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறார்கள். நல்ல வேலை. இணையம் ஓடுகிறது, கட்டுரை எழுத முடிகிறது, வீடியோ பார்க்க முடிகிறது.

புத்தகம் வாசிக்கப் போகும்போதுதான் கேள்வி வருகிறது. "சேர், இந்த ரீடர் சொஃப்ட்வெயார் விண்டோஸுக்கு மட்டும்தான் என்று சொல்லுது. லினக்ஸில் ஏற்ற ஏலாதா?"

ஏலும். பல நேரங்களில் அதை ஏற்றவே தேவையில்லை. அது ஏன் என்று விளங்க வேண்டுமானால் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும். நான் கணினிப் பாட ஆசிரியர் இல்லை. ஆனால் புத்தகம் நம் கையில் இருந்தும் வாசிக்க முடியாமல் போவது கணினியோடு வந்த பிரச்சினையும் இல்லை.

*எழுத்து இருக்கிறது, திறப்பு இல்லை*

நம் வீடுகளில் பெரியவர்கள் வைத்துவிட்டுப் போன அரபுத் தமிழ்க் கிதாபுகள் சில இன்னும் அலமாரியில் கிடக்கின்றன. மொழி தமிழ், எழுத்து அரபு. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகள் செய்துகொண்டார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவின் கரையோர ஊர்களிலும் நூற்றாண்டுகளாக அப்படி எழுதி வாசித்தார்கள். நம் உம்மம்மாமார் சரளமாக வாசித்ததை இன்று அரபும் தெரிந்த, தமிழும் தெரிந்த நம் பிள்ளைகள் வாசிக்கத் திணறுகிறார்கள். கடதாசி அழியவில்லை, மையும் மங்கவில்லை. வாசிக்கும் முறை மட்டும் கைமாறாமல் நின்றுவிட்டது.

தோட்டப்புறத்தின் கதை இன்னும் கடினமானது. 1924இல் பதுளைக்கு ரயில் வந்தது. தேயிலை இறங்கியது, பத்திரிகையும் புத்தகமும் ஏறி வந்தன. 1930இல் வீரகேசரியும் 1932இல் தினகரனும் தொடங்கின. ஆனால் லயத்துக் காம்பராவில் புத்தகத்தைப் பாதுகாப்பது லேசான காரியமா? மழை, புகை, கூரை ஒழுக்கு. மண்சரிவு வேறு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியபோது லயங்களோடு அந்த வீடுகளில் இருந்த அத்தனையும் மண்ணுக்குள் போனது. மலையகத்தில் அச்சான சிறு நூல்கள், தொழிற்சங்கப் பிரசுரங்கள், கோயில் மலர்கள், பள்ளிவாசல் மலர்கள் பலவற்றுக்கு இன்று ஒரு பிரதிகூடக் கிடைப்பதில்லை.

ஆகவே கணினிக்குப் புத்தகம் ஏறுவது நமக்கு ஆடம்பரம் இல்லை. ஒரு காகிதம் போனாலும் நூல் போகாமல் இருக்க அது ஒரு வழி. ஆனால் அந்த வழியிலும் ஒரு பூட்டுக்குப் பின் இன்னொரு பூட்டு இருந்தது.

*முதல் பூட்டு: எழுத்துரு*

கணினிக்குத் தமிழ் வந்த ஆரம்ப காலத்தில் தமிழ் எழுத்துகளுக்கென்று கணினிக்குள் தனி எண்கள் இருக்கவில்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்து வைத்தார்கள். இலங்கையில் நமக்கெல்லாம் பழக்கமான பாமினி எழுத்துரு அப்படித்தான். பாமினியில் "அம்மா" என்று தட்டினால் கணினிக்குள் சேமிக்கப்படுவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். பாமினி இருக்கும் கணினியில் அது அம்மா. பாமினி இல்லாத கணினியில் அது அர்த்தமில்லாத ஆங்கிலம்.

அச்சகங்கள், பத்திரிகைகள், பாடசாலை வினாத்தாள்கள் என்று எல்லாமே இப்படித்தான் தட்டப்பட்டன. 2020இல் பாடசாலைகள் மூடியிருந்த நாட்களில் ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிய எத்தனையோ குறிப்புகள் பிள்ளைகளின் போனில் கிறுக்கலாகத் திறந்தது நினைவிருக்கும். சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறி, டேட்டா செலவழித்து இறக்கிய பிள்ளைக்குக் கிடைத்தது வாசிக்க முடியாத பக்கம்.

இதற்குத் தீர்வு உலகத்தில் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1991இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் உலகம் முழுவதும் ஒரே எண். ஆனால் சாதாரண விண்டோஸில் அது வேலை செய்ய விண்டோஸ் 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதோடு வந்த லதா எழுத்துருவைப் பலர் அறிவார்கள்.

இடைப்பட்ட காலத்தில் சும்மா இருக்காதவர்களும் உண்டு. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் அவர்களும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனன் அவர்களும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் வேறு எழுத்துருக்கள், பிறகு தகுதரம் என்ற டிஸ்கி முறை, பிறகு யூனிகோடு என்று அதே நூல்களை மாற்றி மாற்றி வெளியிட வேண்டியிருந்தது. புத்தகத்தைக் கணினியில் ஏற்றியதோடு கடமை முடியவில்லை. கணினி மாறும்போதெல்லாம் புத்தகத்தையும் கூடவே நகர்த்த வேண்டியிருந்தது.

*இரண்டாம் பூட்டு: விண்டோஸ்*

1991 ஓகஸ்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தான் எழுதிக்கொண்டிருந்த லினக்ஸைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். யாரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஆனால் உலகத்தின் மென்பொருள்களில் பெரும்பாலானவை விண்டோஸுக்காகவே எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. இந்த இடைவெளியை நிரப்ப 1993இல் பொப் அம்ஸ்டட், எரிக் யங்டேல் இருவரும் தொடங்கிய வேலைதான் "வைன்". அடுத்த ஆண்டிலிருந்து அதை வழிநடத்தி வருபவர் அலெக்ஸாண்டர் ஜூலியார்ட். 15 வருட உழைப்புக்குப் பிறகு 2008 ஜுனில்தான் வைன் 1.0 என்று பெயரிட்டு வெளியிட்டார்கள்.

வைன் செய்வது என்ன? நமக்குத் தெரிந்த ஒன்றை வைத்தே சொல்கிறேன். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்த பிறகு கச்சேரிக்குப் போன தமிழ் பேசும் சனத்துக்குப் படிவம் சிங்களத்தில் கிடைத்தது. சொல்ல வேண்டியது தமிழில் இருந்தது. அப்போது மூன்று மொழியும் தெரிந்த ஒருவரைத் தேடிப் போவார்கள். அவர் இவர்கள் சொல்வதைக் கேட்டு அங்கே எழுதுவார், அங்கே கேட்பதை இங்கே சொல்வார். கச்சேரியும் மாறவில்லை, போனவரும் மாறவில்லை. நடுவில் நின்றவரால் காரியம் நடந்தது.

வைன் அந்த நடுவில் நிற்பவர். விண்டோஸுக்காக எழுதிய மென்பொருள் "இந்தக் கோப்பைத் திற", "திரையில் இந்த எழுத்தை வரை" என்று விண்டோஸின் பாஷையில் கேட்கும். வைன் அதை லினக்ஸின் பாஷைக்கு மாற்றிச் சொல்லி, வரும் பதிலையும் திருப்பிச் சொல்லும். கணினிக்குள் இன்னொரு கணினியை அது நடிக்க வைப்பதில்லை. அதனால் பழைய, சக்தி குறைந்த மெஷினிலும் ஓடும். விண்டோஸ் வாங்க வேண்டியதில்லை, திருட்டு கொப்பியும் போட வேண்டியதில்லை.

ஆனால் மொழிபெயர்ப்பவருக்கு எல்லாச் சொல்லும் தெரியாது. மென்பொருள் புதிய பதிப்புக்கு மாறும்போது புதிய சொற்கள் வரும். நேற்று ஓடியது இன்று நிற்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

லினக்ஸ் ஏதோ வெளிநாட்டுச் சங்கதி என்று நினைக்கவும் வேண்டாம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிவு செய்ய நம் நாட்டுத் தன்னார்வலர்கள் எழுதிய "சஹானா" கட்டற்ற மென்பொருள்தான். பிறகு பல நாடுகள் தங்கள் அனர்த்தங்களில் அதைப் பயன்படுத்தின. அதே காலத்தில் உபுண்டு லினக்ஸ் வெளிவந்தது. 2005 முதல் 2011 வரை, கேட்டவர்களுக்கெல்லாம் உலகம் முழுவதும் தபாலில் இலவசமாக சீடி அனுப்பினார்கள். இணைய வேகம் இல்லாத ஊர்களுக்கு அந்த சீடி ஒரு பெரிய உபகாரம்.

*கையில் கருவி, திறக்க வழியில்லை*

இப்போது புத்தகத்துக்கு வருவோம். மைக்ரோசொஃப்ட் 2000ஆம் ஆண்டு "மைக்ரோசொஃப்ட் ரீடர்" என்ற வாசிப்பு மென்பொருளை வெளியிட்டது. லினக்ஸுக்கு இல்லை. 2006இல் சோனி நிறுவனம் பிஆர்எஸ்-500 என்ற வாசிப்புக் கருவியை விற்றது. அதில் புத்தகம் ஏற்ற வேண்டுமானால் சோனியின் விண்டோஸ் மென்பொருள் வேண்டும். லினக்ஸுக்கு ஒன்றும் இல்லை.

அந்தக் கருவியை வாங்கியவர்களில் ஒருவர் கோவித் கோயல். இந்தியர். அப்போது கலிபோர்னியாவின் கல்டெக் நிறுவனத்தில் பௌதிகவியல் ஆய்வு மாணவர். அவர் பாவித்தது லினக்ஸ். காசு கொடுத்து வாங்கிய கருவி தன் கணினியோடு பேசவில்லை. அவர் வைனுக்காகக் காத்திருக்கவில்லை. கணினிக்கும் கருவிக்கும் இடையில் யுஎஸ்பி வயரில் என்ன பேச்சு நடக்கிறது என்பதை, மின்நூல் ஆர்வலர்கள் சிலரின் உதவியோடு ஆராய்ந்து கண்டுபிடித்து, அதே பேச்சைப் பேசும் ஒரு சிறு மென்பொருளைத் தானே எழுதினார். பிறகு பார்த்தால், சோனியின் கருவிக்கென்றே தனிக் கோப்பு வடிவம். சாதாரணக் கோப்புகளை அதற்கு மாற்றும் கருவிகளையும் எழுதினார். 2008இல் அதற்கு "கலிபர்" என்று பெயர் வைத்தார்.

இன்று லினக்ஸ், விண்டோஸ், மெக் மூன்றிலும் ஓடும் கலிபர், உலகில் அதிகம் பேர் பாவிக்கும் மின்நூல் மென்பொருள்களில் ஒன்று. விலை இல்லை. ஆரம்பத்தில் விண்டோஸ்காரர்களுக்கு மட்டும் என்று இருந்த ஒரு கதவின் முன்னால் நின்ற மாணவன் கட்டிய கதவு, இன்று விண்டோஸ்காரர்களுக்கும் திறந்திருக்கிறது.

2007 செப்டெம்பரில் இன்னொரு நல்லது நடந்தது. வெளியீட்டாளர்களின் சர்வதேச அமைப்பு ஈபப் என்ற வடிவத்தைப் பொதுத் தரமாக ஏற்றது. ஈபப் ஒன்றும் மாயம் இல்லை. இணையப் பக்கங்களைப் போன்ற கோப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு ஸிப் பொதி. பூட்டில்லாத ஈபப் எந்தக் கணினியிலும் திறக்கும், எழுத்தைப் பெரிதாக்கலாம், சொல்லைத் தேடலாம்.

*மூன்றாம் பூட்டு: விற்றவர் கையில் திறப்பு*

அமேசன் 2007 நவம்பரில் கிண்டிலைக் கொண்டுவந்தது. 2009 நவம்பரில் கணினிக்கான கிண்டில் மென்பொருள் வந்தது, விண்டோஸுக்கு. பிறகு மெக்குக்கும் வந்தது. லினக்ஸுக்கு வரவில்லை. லினக்ஸ்காரர்கள் அதை வைனில் ஓட்டினார்கள். சில பதிப்புகள் ஓடின, சில ஓடவில்லை. அடோபியின் டிஜிட்டல் எடிஷன்ஸ் மென்பொருளுக்கும் இதே கதை. 2011இல் கிண்டில் புத்தகங்களைப் பிரவுசரிலேயே வாசிக்கும் வசதி வந்த பிறகு வைனின் தேவை கொஞ்சம் குறைந்தது.

ஆனால் பெரிய கேள்வி வேறு. அந்தப் புத்தகம் யாருடையது?

2009 ஜுலையில் அமேசன், ஜோர்ஜ் ஓர்வெல்லின் "1984" நாவலை வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே அழித்தது. விற்ற நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்பது காரணம். காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். அரசாங்கம் புத்தகங்களை அழிப்பதைப் பற்றிய நாவலே அப்படி அழிந்தது. மைக்ரோசொஃப்ட் ரீடர் 2012இல் நிறுத்தப்பட்டது. அதே நிறுவனம் பின்னர் நடத்திய மின்நூல் கடையை 2019இல் மூடியபோது, வாங்கியவர்களின் புத்தகங்கள் திறக்காமல் போயின. அங்கேயும் காசு திரும்பி வந்தது, புத்தகம் வரவில்லை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. லயத்துக் காம்பராவில் நாலு தலைமுறையாக இருந்தாலும் காணி உறுதி நம் கையில் இல்லை என்பது எப்படியோ, பூட்டுப் போட்ட மின்நூலும் அப்படித்தான். இருக்கலாம், வாசிக்கலாம். சொந்தம் இல்லை. வைன் அந்தக் கதவுவரை கூட்டிக்கொண்டு போகும். உறுதி எழுதித் தராது.

இதனால் கிண்டிலே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2016 டிசம்பரில் அமேசன் கிண்டிலில் தமிழ் நூல்களையும் விற்கத் தொடங்கியது. எழுத்தாளர்களுக்கு அது ஒரு வருமானம். வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள். எழுதியவரின் ஹக்கைக் கொடுப்பது சரிதான். ஆனால் ஒரு பாடசாலை நூலகத்தையோ ஒரு சமூகத்தின் நினைவையோ அந்தப் பூட்டுக்குள் வைத்து நிம்மதியாக இருக்க முடியாது.

*பூட்டில்லாத அலமாரிகள்*

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே இடத்தில், ஒரே பிரதியாக வைத்திருப்பதன் ஆபத்து என்னவென்று அதைவிட வேறு பாடம் வேண்டுமா? அந்த வலி தெரிந்த தலைமுறையில் தில்லைநாதன் கோபிநாத், மு. மயூரன் போன்ற இளைஞர்கள் 2005இல் நூலகம் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்கள் ஸ்கேன் செய்யப்பட்டு எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டன. மலையக, முஸ்லிம் சமூகங்களின் நூல்களும் அதில் இருக்கின்றன.

நம் ஹாலி-எலப் பக்கம் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர் தெளிவத்தை ஜோசப். நம் மாவட்டத்துத் தோட்டம் ஒன்றின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு மலையக வாழ்க்கையை எழுதியவர். "காலங்கள் சாவதில்லை" அவருடைய நாவல். 2022 ஒக்டோபரில் காலமானார். பிள்ளைகளிடம் கேட்டால் பெயரே தெரியாதவர்கள் அதிகம். நூலகத்தில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

நூலகத்தில் பெரும்பாலானவை பக்கங்களின் படங்களாக உள்ள பிடிஎப் கோப்புகள். படத்துக்கு எழுத்துரு தேவையில்லை என்பதால் லினக்ஸோ விண்டோஸோ போனோ, எதிலும் திறக்கும். வைன் தேவையில்லை. குறை என்னவென்றால், சிறிய போன் திரையில் எழுத்தைத் தனியாகப் பெரிதாக்க முடியாது.

அந்தக் குறையைத் தீர்க்கும் இன்னோர் அலமாரி தமிழ்நாட்டில் உருவானது. த. சீனிவாசன் அவர்களும் நண்பர்களும் 2013இல் தொடங்கிய "ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்". எழுத்தாளர்களிடம் அனுமதி பெற்று, யாரும் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தோடு ஈபப் ஆகவும் பிடிஎப் ஆகவும் வெளியிடுகிறார்கள். பென்ட்ரைவில் ஏற்றி ஒரு வகுப்புக்கே கொடுக்கலாம். யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை.

*சரி, இப்போது என்ன செய்வது?*

கேட்ட பிள்ளைகளுக்குச் சுருக்கமாக:

1. லினக்ஸில் கலிபரைப் போடுங்கள். பூட்டில்லாத எந்த மின்நூலும் அதில் திறக்கும். பாடநூல்களின் பிடிஎப்களுக்கு லினக்ஸோடு வரும் பிடிஎப் ரீடரே போதும்.

2. பாமினிக் கோப்பு கிறுக்கலாக வந்தால் அதற்காக விண்டோஸ் தேட வேண்டாம். பாமினி எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவலாம். நிரந்தரத் தீர்வு யூனிகோடுக்கு மாற்றுவது. சுரதா யாழ்வாணன் அவர்கள் உருவாக்கியது போன்ற இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன.

3. பழைய அகராதி சீடி, பழைய பாட சீடி போன்று விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் இருந்தால் வைனில் முயற்சி செய்யுங்கள். பழையவை பெரும்பாலும் நன்றாக ஓடும்.

4. கிண்டிலில் வாங்கிய நூலை முதலில் பிரவுசரில் வாசிக்கப் பாருங்கள். முடியாவிட்டால் மட்டும் வைன். ஓடினால் நல்லது. நாளைக்கு நின்றுபோனாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

பெரியவர்களிடமும் ஆசிரிய நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். வினாத்தாள், குறிப்பு, பாடசாலை மலர் எதுவாக இருந்தாலும் இனி யூனிகோடில் தட்டுங்கள். பழக ஒரு மாதம் கஷ்டமாக இருக்கும், பிறகு கை பழகிவிடும். உங்கள் வீட்டில், பள்ளிவாசலில், கோயிலில், சங்கத்தில், வாசிகசாலையில் பழைய மலர்கள், துண்டுப்பிரசுரங்கள், அரபுத் தமிழ்க் கிதாபுகள் இருந்தால் அடுத்த மழைக்கு முன் போனிலாவது பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். ஒரு பிரதியை நூலகம் போன்ற பொது அலமாரிக்குக் கொடுங்கள். அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் வாசிக்கும்போது ஒரு பிள்ளையைப் பக்கத்தில் இருந்து எழுதச் சொல்லுங்கள். 

லினக்ஸ் போட்டுத் தர ஆள் தேடுபவர்கள் கொமென்டில் ஊரின் பெயரைப் போடுங்கள். தெரிந்த தம்பிமார் பதில் சொல்லுங்கள். பழைய மலர்கள் வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள், பட்டியல் ஒன்று போடுவோம்.